அம்பாசமுத்திரம் வண்டி

ஜூன் 9, திங்கள்

டாக்டர் ஜெபசீலி இன்று எனக்கு ஒரு வேலை கொடுத்தார். என் வீட்டுக்காரரோடு நான் தினமும் பேச வேண்டுமாம்.

"தூங்குறாங்க, முழிக்கிறாங்க. கண்ணைத் திறந்துதான் வச்சிருக்காங்க. ஆனா முழிச்சிருக்கிறது வேற, உணர்வோட இருக்கிறது வேறம்மா. உள்ள உணர்வு எவ்வளவு இருக்குன்னு இப்போ என்னால சொல்ல முடியலை. நீங்க பேசிக்கிட்டே இருங்க. பழகின குரல்தான் உள்ள போகும். சம்சாரத்தோட குரலை விடப் பழகின குரல் எது இருக்கு?"

சரி டாக்டர் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? ஆறு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று அந்த அம்மாளிடம் எந்த வாயால் சொல்வேன்? எங்கள் தெருவுக்கே தெரியாத சங்கதி அது. தெரிந்தது எங்கள் மகள் இந்துஜாவுக்கு மட்டும்தான்.

இத்தனைக்கும் அவர் பேசியே பிழைத்த மனுஷன். புது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஆவுடையப்பன் என்றால் யாருக்கும் தெரியாது, மைக்கில் "தென்காசி வண்டி எடுத்து நிறுத்துங்க" என்று ஒரு தடவை சொன்னால் திருநெல்வேலியில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சித்திரைக் கடைசியில் டூட்டி முடிந்து வரும்போது பைக்குக்குக் குறுக்கே எருமை வந்துவிட்டது. எருமைக்கு ஒன்றும் இல்லை.

மாற்றம் ஏதாவது தெரிந்தால் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன். இந்த டைரி எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

பேசவில்லை. மூக்குக் குழாயில் கஞ்சி விட்டேன், புரட்டிப் படுக்க வைத்தேன், நகம் வெட்டினேன். நகம் வெட்டப் பேச்சு எதற்கு?

ஜூன் 12, வியாழன்

"ஏக்கா, பேசுங்கன்னு டாக்டர் சொன்னாங்கல்லா" என்று நர்ஸ் பிள்ளை வந்து நின்றது. வேறு வழியில்லாமல் பேப்பரை எடுத்து ராசிபலன் வாசித்தேன். அவருடைய ராசிக்கு 'பயணங்களால் நன்மை' என்று போட்டிருந்தது. எழுதியவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

இந்து வீட்டில் இருந்தவரைக்கும் எல்லாம் அவள் வழியாகத்தான் நடந்தது. "உங்கம்மைட்ட சொல்லு, நாளைக்கு எனக்குக் காலை டூட்டி." "உங்கப்பாட்ட சொல்லு, மாவு ஆட்ட கரண்டு இல்ல." இரண்டு பேரும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டுதான் சொல்வோம். அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அந்த வேலை பிரிட்ஜுக்கு வந்தது. அவர் பிரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்து, "மோரு தீந்துட்டு போலிருக்கே" என்பார். நான் அடுப்பைப் பார்த்து, "தயிரு இருக்கு, கலக்கிக்கிடலாம்" என்பேன். இப்படியும் ஒரு குடித்தனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

பேச ஆரம்பித்துவிட்டேன். கொஞ்சல் எல்லாம் வராது எனக்கு. ஏசத்தான் வந்தது. வந்ததும் நிற்கவில்லை.

எங்கே ஆரம்பித்தேன் என்றால், நாச்சியார் மதினி மகள் கல்யாணத்தில். மதினி இவருக்கு அக்கா. இவர்தான் தாய்மாமன். தாய்மாமனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று செய்கிற முறை நிறைய உண்டு. அன்றைக்கு விடியும்போதே அம்பாசமுத்திரத்திலிருந்து என் தம்பி இவருக்குப் போன் பண்ணியிருக்கிறான், அப்பா போய்விட்டார் என்று. இவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தீட்டு, மணவறைப் பக்கம் போக முடியாது, முகூர்த்தம் கெட்டுப்போகும். நான் பட்டுச்சேலை கட்டி, ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கிறேன். மதினி வீட்டு ஆல்பத்தில் இன்றும் அந்தப் போட்டோ இருக்கிறது.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு சொன்னார். அங்கே வைகாசி வெயிலில் ஐஸ் பெட்டி கிடைக்காமல் மத்தியானமே எடுத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த ஈர வாசலில் நின்றுதான் சொன்னேன். "இனி ஒங்ககூட எனக்குப் பேச்சு கெடையாது." அவர் "சரி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அந்தச் 'சரி'தான். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். பெரிய மனுஷன், கேட்கவில்லை.

இவ்வளவையும் அவர் காது பக்கத்தில் குனிந்து சொல்லி முடித்தேன். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜூன் 19, வியாழன்

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். கேட்டால் சிரிப்புத்தான் வரும். தூக்க மாத்திரை.

மதினிக்குப் பொறுக்கவில்லை. "தூங்குதவனுக்குத் தூக்க மாத்திரையா? எரியுத நெருப்புல எண்ணெய ஊத்துத கதையால்லா இருக்கு."

"ரொம்ப அபூர்வமா சில பேருக்கு இது எதிர்மாறா வேலை செய்யும்மா" என்றார் டாக்டர். "அடிபட்ட மூளை சில இடங்களைத் தானே மூடி வச்சுக்கும். இந்த மாத்திரை அந்தப் பூட்டைக் கொஞ்ச நேரம் தளர்த்துதுன்னு நினைக்கிறோம். ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. மருந்து இறங்கினதும் பழையபடி போயிருவாங்க. பெரிய நம்பிக்கை வச்சுக்க வேண்டாம்."

நான் எந்த நம்பிக்கையும் வைத்துக்கொள்ளவில்லை. எதற்கும் இந்துவை வரச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, சனி

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

காலையில் மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விட்டார்கள். இந்து அவர் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டாவி விட்டார். பிறகு கண்ணுக்குள் ஆள் வந்து உட்கார்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை திறந்து மட்டும் கிடந்த கண், பார்க்க ஆரம்பித்தது.

"இந்து" என்றார். குரல் கரகரத்து உடைந்திருந்தது, ஆனால் அவர் குரல்தான். "காலேஜ் இல்லையா?"

அவள் ஓவென்று அழுதுவிட்டாள். அவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை அவள் பக்கம் திருப்பி,

"உங்கம்மைட்ட தண்ணி கேளு" என்றார்.

நான் பஞ்சை நனைத்து இந்துவிடம் கொடுத்தேன். "மெதுவா உதட்டுல மட்டும் வைக்கச் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன்.

டாக்டர் வந்து சோதித்தார். கையை அழுத்தச் சொன்னார், இவர் அழுத்தினார். பெயர் கேட்டார், சொன்னார். என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்டபோதும் அப்படித்தான். டாக்டர் தாளில் என்னவோ குறித்துக்கொண்டு என்னை வெளியே கூட்டிப்போனார். "மகளைத் தெரியுது, பேரு தெரியுது. உங்களைத்தான் இன்னும் பிடிபடலை. மனசு விட்றாதீங்கம்மா, வந்துரும்."

நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தேனோ அழுதேனோ. பிடிபடவில்லையாம்! அந்த மண்டைக்குள் என்னவெல்லாமோ அழிந்துபோயிருக்கிறது, ஆனால் என்னோடு பேசக் கூடாது என்பது அழியவில்லை. அவர் அவராகவே முழுசாக இருக்கிறார். இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூன் 22, ஞாயிறு

"உங்கம்மை மெலிஞ்சுட்டா" என்று இந்துவிடம் சொன்னார். நான் அங்கேதான் நின்றேன்.

ஜூன் 26, வியாழன்

தினமும் ஒரு வேளை முழிப்பு. ஒரு சினிமா நேரம் இருப்பார். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறி, கண்ணுக்குள்ளிருந்து ஆள் இறங்கிப் போய்விடும்.

இன்று அவர் இந்துவிடம் சொன்னது:

"தூங்கும்போது ஒரு பொம்பளை ஏசிக்கிட்டே இருக்கா, இந்து. எங்கேருந்துன்னு தெரியல. கனவா என்னன்னும் தெரியல. கேட்ட சத்தமாவும் இருக்கு, கேக்காத சத்தமாவும் இருக்கு."

"பயமா இருக்காப்பா?"

"அது ஏசும்போது இல்ல. அது நின்னுட்டா ஒரே இருட்டாயிருது. அப்பந்தான் பயமா இருக்கு."

இந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பால் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். தெரிந்துதான் சொன்னாரா? என் காதில் விழட்டும் என்று சொன்னாரா? ஆறு வருஷம் கேட்காத குரல், கேட்காத சத்தமாகத்தானே இருக்கும்.

வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, அப்பா தூங்கும்போது வாய் ஓயாமப் பேசுத. முழிச்சா மட்டும் ஏன் வாயில பூட்டுப் போட்டுக்கிடுத? நீயே பேசினா என்ன, கொறஞ்சா போயிருவ?"

"தப்பு செஞ்சது யாருட்டி? அவுகதான் பேசணும்."

"ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து இந்தத் தரகு வேலை. அலுத்துத்தான் போயிருக்கும்.

ஜூலை 2, புதன்

முழிப்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. இன்று மதினி திருச்செந்தூர் விபூதியோடு வந்து, இருந்த கொஞ்ச நேரத்தையும் தின்றுவிட்டாள். "தம்பி, என்னத் தெரியுதா? பேத்தி பொறந்திருக்கா, பாத்தியா?" என்று செல்போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தக் கல்யாணத்துப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை. அவர் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தது மாதிரி உதடு அசைந்தது. இந்து அந்த நேரம் பார்த்து மருந்து வாங்கப் போயிருந்தாள். நடுவில் ஆள் இல்லை.

நான் பேசியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மதினி "வடிவு, இந்த விபூதியப் பூசிவிடு" என்று நீட்டினாள். பூசிவிட்டுத் திரும்பினால் அவர் போய்விட்டார். கண் மட்டும் திறந்திருந்தது.

டாக்டர் மாலையில் என்னிடம் மட்டும் சொன்னார். "மருந்துக்கு உடம்பு பழகிருச்சுன்னு நினைக்கிறேன். மூளையிலயும் வீக்கம் மறுபடி தெரியுது. கொஞ்ச நாள் நிறுத்திட்டுக் கொடுத்துப் பார்ப்போம். அதுக்கப்புறம் எத்தனை தடவை வருவாங்கன்னு தெரியாது. கேக்கவோ சொல்லவோ ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்கம்மா."

ஜூலை 8, செவ்வாய்

ஆனித் தேரோட்டம். ஆஸ்பத்திரி ஜன்னல் வரைக்கும் வேட்டுச் சத்தம் கேட்டது. போன வருஷம் இதே நாள் பிரிட்ஜைத் திறந்து, "தேருக்குப் போறவங்க செருப்பை வீட்டுலயே விட்டுட்டுப் போறது நல்லது" என்றார். நான் கேட்கவில்லை. செருப்பு தொலைந்தது. வெறுங்காலோடு வந்த என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், மறுநாள் வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி வைத்திருந்தார். அளவு சரியாக இருந்தது.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

முடிவு பண்ணிவிட்டேன். நானே முதலில் பேசப் போகிறேன். அப்பாதான் போய்விட்டார், இவராவது இருக்கும்போது பேசிவிட வேண்டும். என்ன சொல்வதென்று நேற்றிலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீளமாக ஒன்றும் வேண்டாம். "என்னங்க, நான் விட்டுட்டேன்" என்று சொன்னால் போதும். அவருக்குப் புரியும்.

தலைக்குக் குளித்தேன். இந்து பார்த்துவிட்டு, "யாருக்குப் பொண்ணு பாக்க வாராக?" என்று கேலி பண்ணினாள். அடித்தேன், செல்லமாகத்தான்.

ஜூலை 12, சனி

காலையில் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர், இந்து, மதினி எல்லோரும் இருந்தார்கள். யார் இருந்தால் என்ன என்று நான் கால்மாட்டை விட்டுத் தலைமாட்டுக்கு வந்து நின்றேன்.

முன்பெல்லாம் போல் சீக்கிரம் வரவில்லை. காத்திருந்து காத்திருந்து, இனி இல்லை என்று டாக்டர் கிளம்பப் போகும்போது ஒரு கொட்டாவி. கண் மெல்லச் சுற்றி வந்து என் முகத்தில் நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் சிரித்தார். என்னைப் பார்த்து, நேராக.

"சாப்ட்டீங்களாம்மா?" என்றார்.

இந்து கத்தியே விட்டாள். "யம்மா! அப்பா உன்ட்ட பேசிட்டாங்கம்மா!" மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு முருகா முருகா என்றாள். டாக்டர் முகமெல்லாம் மலர்ந்து தாளில் குறித்துக்கொண்டார். "பாத்தீங்களா? முதல் தடவையா உங்ககிட்ட நேரா பேசுறாங்க. நல்ல முன்னேற்றம்மா இது" என்று சொல்லிவிட்டு, நர்ஸ் கூப்பிட அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் விஷயம் தெரியும். என்னை ஒரு நாளும் அவர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. 'நீ'தான், 'ஏட்டி'தான், பிறகு ஆறு வருஷம் 'உங்கம்மை'தான். 'சாப்ட்டீங்களாம்மா' என்று அவர் கேட்பது பஸ் ஸ்டாண்டில், மைக் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறவர்களிடம்.

"சாப்ட்டேன்" என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு, உணர்வோடு இருந்த அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"எந்த ஊருக்குப் போகணும்?"

இந்துவும் மதினியும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு ஊர் எதுவும் நாக்கில் வரவில்லை. "அம்பாசமுத்திரம்" என்றேன்.

"இந்தா வந்துரும். ஒக்காருங்க. வெயில்ல நிக்காதீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவசரமாப் போகணுமா?"

"ஆமா. எங்கப்பா தவறிட்டாங்க."

அவர் முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. எழுந்திருக்கப் பார்ப்பவர் மாதிரி தோள் அசைந்தது.

"அடடா. மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? செத்த வீட்டுக்குப் போறவங்கள நிக்க வைக்கலாமா?" என்றார். "வழியில நிக்காத வண்டியில ஏத்தி விடுதேன். பயப்படாதீங்க. எடுக்கதுக்கு முன்ன போயி மொகம் பாத்துரலாம்."

"சரி" என்றேன்.

"மொகம் பாத்துரணும்" என்றார் இன்னொரு தடவை. பிறகு வாய் குழறிவிட்டது. என்னவோ நம்பர் சொன்னார், வண்டி நம்பர் போலிருக்கிறது. கண் அப்படியே நின்றுவிட்டது.

இந்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மதினிக்குப் புரியவில்லை, வார்டு முழுக்க எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த பேச்சு அதுதான். அதே குரல்தான், அதே வாய்தான். ஆனால் யாரோ ஒரு பயணிக்குச் சொன்னார். நான் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லவே இல்லை. யாரிடம் போய், நான் விட்டுட்டேன் என்று சொல்ல?

நான் பேசாமல் இருந்தது அவரைத் தண்டிக்க என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு பேசாமல் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு புருஷன் இருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரை கொடுத்தார்கள். எழவில்லை.

ஜூலை 17, வியாழன்

எழவில்லை.

ஜூலை 21, திங்கள்

டாக்டர் நிறுத்திவிட்டார். இனி அது அவருக்கு வெறும் தூக்க மாத்திரைதான் என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போகலாமாம். "முன்னேற்றம் வந்து நின்னுபோச்சேன்னு எனக்கும் வருத்தமா இருக்கும்மா. உங்களை அடையாளம் கண்டுபிடிச்சு, எவ்வளவு அருமையா பேசினாங்க" என்றார். நல்ல மனுஷி. "ஆமா டாக்டர்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இந்து காலை ரயிலில் கோயம்புத்தூர் போய்விட்டாள். பரீட்சை இருக்கிறது, நான்தான் போகச் சொன்னேன். கட்டிலை அடுக்களைக்கு எதிரே போட்டிருக்கிறோம், நான் வேலை பார்க்கும்போது கண்ணில் படட்டும் என்று.

கஞ்சி விட்டு, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, சித்ரான்னம் கிளறினேன். ஒருத்திக்கு எதற்கு இத்தனை என்று பாதியிலேயே அடுப்பை அணைத்தேன். பிறகு எனக்கே என்ன தோன்றியதோ, போய் பிரிட்ஜைத் திறந்து நின்றேன். உள்ளே பார்த்து, "மோரு கலக்கி வச்சிருக்கு. வேணுங்கிறவங்க சொல்லலாம்" என்றேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் திரும்பிப் பார்க்காமல்தான் நிற்போம். முதுகுப் பக்கம் ஒரு செருமல் வரும், நாற்காலி இழுபடும். குளிர் முகத்தில் அடிக்கும் வரை நின்றேன். பிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பித்தது. வேறு சத்தம் இல்லை.

வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். இந்து போனதிலிருந்து, பிரிட்ஜிடம் சொன்னதைத் தவிர நான் வாயே திறக்கவில்லை. அது நின்னுட்டா ஒரே இருட்டாயிருது என்றாரே. பயமா இருக்கு என்றாரே. உள்ளே இன்னும் யாராவது இருந்தால்? டாக்டருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்ல முடியும்?

பிரிட்ஜைச் சாத்திவிட்டு ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேற்று எந்த இடத்தில் விட்டேன் என்று நினைவு வரவில்லை. பரவாயில்லை என்று, விடியக்காலைப் போன் வந்ததிலிருந்து மறுபடியும் ஏச ஆரம்பித்தேன்.